ஈரத்துக்கு இரண்டு கழிவு

பழனியாண்டி கேட்டது இரண்டு மூடை சீமெந்தும் ஒரு மேசனும். கிடைத்தது ஓர் ஆராய்ச்சி நிலையம். கடையில் கத்தரிக்காய் கேட்டவனுக்கு முதலாளி எழுந்து நின்று லொறியையே எழுதிக் கொடுத்தால், வாங்குகிறவன் அந்த இடத்திலேயே சந்தேகப்பட வேண்டும். பழனியாண்டி சந்தேகப்படவில்லை. ஐம்பத்து நான்கு வருடத்தில் அவர் கேட்டு எதுவும் கிடைத்ததில்லை. கிடைக்கும்போது எப்படிச் சந்தேகப்படுவது என்று பழக்கமும் இல்லை.

மஸ்கெலியாவில் பஸ் ஏறி முக்கால் மணி நேரம் போய், இறங்கி அரை மணி நேரம் மேலே நடந்தால் லொக்மூர் தோட்டத்துக் கீழ்ப்பிரிவு லயம் வரும். மலையை வெட்டி, வெட்டிய பள்ளத்தில் பன்னிரண்டு காம்பராக்களை வரிசையாகச் செருகி வைத்த லயம். முன்பக்கம் இஸ்தோப்புத் திண்ணை, பின்பக்கம் மலை. சுவருக்கும் மலைக்கும் இடையில் தண்ணீர் ஓட முழ அகலத்தில் ஒரு கான் இருந்தது. நாலைந்து மழைக்கு முன் மண் சரிந்து அது நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு மலை நேரடியாகச் சுவரில் சாய்ந்துகொண்டது.

ஒன்பதாம் காம்பராவில் பழனியாண்டியும் அவர் மனைவி பேச்சியம்மாவும். கொழுந்து எடுக்கப் போன இடத்தில் பேச்சியம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு வருடம். நடக்க முடியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் கட்டில் போட ஒரே இடம்தான் இருந்தது, பின்சுவரை ஒட்டி. அந்தச் சுவரில்தான் வெடிப்பு.

"என்னாங்க, சுவத்துக்குள்ளாற மண்ணு உதுர்ற சத்தம் கேக்குது" என்றாள் பேச்சியம்மா ஒருநாள். "எலியா இருந்தாத் தேவல."

எலி இல்லை. பழனியாண்டி எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பிடித்துக் கடிதம் எழுதுவித்தார்.

கடிதம் முதலில் தோட்டத்து அலுவலகமான கந்தோருக்குப் போனது. தோட்டத்தை நடத்தும் தொரை வாசித்தார். லயம் கம்பனிக்குச் சொந்தம், நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தம், கூரைத் தகரம் ஒரு நிதியம் கொடுத்தது. சுவர் யாருடையது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தனக்குச் சொந்தமில்லாத சுவரில் தான் சீமெந்து பூசினால் அது அத்துமீறல் ஆகிவிடும் என்று விளக்கி மேலே அனுப்பினார். மேலே இருந்தவர் இன்னும் மேலே அனுப்பினார். கடிதம் ஏற ஏற வெடிப்பு இறங்கியது. கூரையடியில் தொடங்கியது கட்டில் சட்டம் வரை வந்துவிட்ட வாரத்தில், கடிதம் கொழும்பில் ஒரு மேசையை அடைந்தது.

அந்த மேசைக்காரர்தான் ஒழுங்காக ஒரு கேள்வி கேட்டார். சுவர் பலவீனமானது என்று இந்த ஆள் சொல்கிறார். அப்படிச் சொல்ல இவருக்கு என்ன தகுதி?

தகுதி இல்லைதான். பழனியாண்டி கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடியை எந்த உயரத்தில் வெட்டினால் துளிர்க்கும் என்று தெரியும், அவ்வளவே. தேடிப் பார்த்ததில், மலைநாடு முழுவதிலும் ஒரு சுவரைப் பார்த்து 'இது விழும்' என்று சொல்ல அதிகாரம் உள்ளவர் ஒருவரும் இல்லை என்பது தெரியவந்தது. இந்தக் குறையைத் தீர்க்க ஒரு நிலையம் அமைப்பது என்று முடிவானது. சீமெந்து தேவையா என்பதை நிலையம் வந்து சொல்லும்.

இப்படித்தான் 'மத்திய மலைநாட்டுக் கட்டடப்பொருள் வலிமை ஆராய்ச்சி நிலையம்' பிறந்தது.

அதன் பணிப்பாளர் கலாநிதி மரியரட்ணம் முதல் தடவை லயத்துக்கு வந்தபோது குடை பிடிக்க ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர், படம் எடுக்க ஒருவர் என்று மூன்று பேருடன் வந்தார். காம்பராவுக்குள் ஐந்து பேர் நிற்க இடமில்லை. பணிப்பாளருடன் படம் எடுப்பவர் மட்டும் உள்ளே வந்தார். பணிப்பாளர் பேனாவின் பின்பக்கத்தால் சுவரில் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"எத்தன வருஷச் சுவர் இது?"

"நூறு இருக்குமுங்க சார். வெள்ளக்காரன் காலத்துல கட்டுனது."

"நூறு வருஷமா விழாத சுவரப் போய் பலவீனம்னு எழுதியிருக்கீங்களே. நீங்க நூறு வருஷம் நிப்பீங்களா?"

வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். பழனியாண்டியும் சிரித்தார். பெரிய ஆட்கள் சிரிக்கும் இடத்தில் சும்மா நிற்பது மரியாதை இல்லை.

கட்டிலில் படுத்திருந்த பேச்சியம்மா சொன்னாள்: "அவரு நிக்காட்டியும் எம்மேல விழமாட்டாருங்க சார்."

பணிப்பாளர் அவள் பக்கம் குனிந்தார். குரலைக் கனிய வைத்துக்கொண்டார். "அம்மா, நானும் லயத்துல பொறந்தவன்தான். இந்த மாதிரி ஒரு சுவருக்குள்ள இருந்துதான் படிச்சேன். அந்தச் சுவர் விழுந்திருந்தா நான் இன்னைக்கு இந்த எடத்துக்கு வந்திருப்பேனா? நம்ம ஆளுங்ககிட்ட உள்ள கொறை இதுதான். சுவத்த நம்ப மாட்டேங்கிறாங்க."

படம் எடுக்கப்பட்டது.

நிலையத்துக்கு இடம் வேண்டியிருந்தது. லயத்துக்கு மேலே இருந்த பிள்ளைக் காம்பராவை எடுத்துக்கொண்டார்கள். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. ஏழு தொட்டில்கள் கழற்றப்பட்டுப் பின்பக்கம் அடுக்கப்பட்டன. பிள்ளைகளை எங்கே விடுவது என்று பத்தாம் காம்பரா நாகலெட்சுமி போய்க் கேட்டாள். பிள்ளைகளுக்காகத்தான் இந்த ஆராய்ச்சியே நடக்கிறது என்று பதில் வந்தது. அவள் தன் பிள்ளையைச் சேலையில் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.

சுவரின் ஒரு துண்டை நசுக்கிப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஓர் இயந்திரமும் வந்தது. கீழ் வளைவுக்கு மேல் லொறி ஏறவில்லை. ஏறியிருந்தாலும் தோட்டத்து மின்சாரம் அதற்குப் போதாது. பெட்டி பிரிக்கப்படாமல் வளைவிலேயே படங்கு போட்டு மூடப்பட்டது. அதற்கு ஒரு காவலாளி. காவலாளி நனையாமல் இருக்க ஒரு கொட்டில். கொட்டில் புதிது; சீமெந்து பூசி, ஒரு வெடிப்பும் இல்லாமல் நின்றது. வேலை முடிந்து வரும்போதெல்லாம் பழனியாண்டி அதன் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார்.

இயந்திரம் இல்லாவிட்டால் அடிமட்டம், அதாவது அளவுகோல், இருக்கிறது. அளக்க ஆள் வேண்டும். தோட்டத்தில் எண் எழுதிப் பழகிய ஆள் கணக்கப்பிள்ளை பிரதாப்தான். இருபது வருடமாகக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு பிடித்தவர். அவரை 'அளவை அலுவலர்' என்று நிலையத்துக்கு இரவல் கொடுத்தார் தொரை. வெடிப்பின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பெயின்டில் ஒவ்வொரு கோடு போட்டு, வெள்ளிக்கிழமைதோறும் இரண்டுக்கும் இடையில் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்க வேண்டும். அளந்ததும் பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுச் சரியான இடைவெளியில் புதுக் கோடு போட வேண்டும். மடுவத்தில் ஒவ்வொரு நாளும் தராசு வெறுமையிலிருந்துதானே தொடங்குகிறது. சுவரில் கறுப்பு மையால் 'மாதிரி 1' என்று எழுதினார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை பிரதாப் வந்தபோது சுவருக்கு முட்டுக் கொடுத்து ஒரு டர்பன்டைன் மரக் கட்டை நின்றது. பழனியாண்டி வைத்தது.

"இது என்னாண்ணே?"

"முட்டுங்க ஐயா. அது இல்லாட்டி எப்பவோ வந்திருக்கும்."

பிரதாப் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். ஆள் கெட்டவர் இல்லை. "சுவர் தாங்குதா கட்டை தாங்குதான்னு நான் எப்புடிண்ணே எழுதுறது? மேல போய்க் கேக்குறேன்."

மேலே கேட்டதில் கட்டை 'வெளித் தலையீடு' என்று தீர்ப்பாயிற்று. இரண்டு பேர் வந்து எடுத்துப்போனார்கள். நல்ல நேரான கட்டை; நிலையத்து முற்றத்தில் நட்டுக் கொடி ஏற்றினார்கள். பழனியாண்டி கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாளி சாந்து வாங்கி வந்து வெடிப்பை அடைத்துப் பார்த்தார். அடுத்த வெள்ளி அதைச் சுரண்டி எடுத்தார்கள். மாதிரியைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. இரண்டு மூடை சீமெந்து கேட்டு வருடக்கணக்காக எழுதியவருக்கு முதல் முதலாக வந்த பதில் அது. நாகலெட்சுமியின் மகளை விட்டு வாசிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டார்.

சுவரைத் தொடக் கூடாது என்றால் ஆளையாவது நகர்த்துவோம் என்று நினைத்தார். நாகலெட்சுமி தன் காம்பராவில் ஒரு மூலை தருவதாகச் சொன்னாள். "எம்புருசன் குறுக்கப் படுப்பாரு. ஒங்க வீட்டுக்காரிய நேராப் படுக்க வைங்கண்ணே. எடம் போதாட்டி எம்புருசன வெளிய போடுறேன், அதுவும் நல்லதுதான்."

கட்டிலைத் தூக்கும்போது நிலையத்துச் சாரதி பார்த்துவிட்டான். பத்து நிமிடத்தில் பணிப்பாளரே இறங்கி வந்தார்.

"பழனியாண்டி, ஒங்களுக்கு ஆராய்ச்சி வெளங்கல்ல. வெறும் சுவர் எவ்வளவு தாங்கும்னு உலகத்துல எல்லாரும் அளந்துட்டாங்க. ஒரு குடும்பம் குடியிருக்கிற சுவர் எவ்வளவு தாங்கும்? அத யாரும் அளக்கல்ல. அதுதான் நம்ம நிலையத்தோட தனித்தன்மை. ஆள் பொழங்குற நிலை, இதுக்குப் பாவனை நிலைன்னு பேர். குடியிருக்கிற ஆள் உள்ள இல்லன்னா பரிசோதனையே செல்லாது."

"சார், அவ நடக்க மாட்டா. விழுந்தா ஓட முடியாது."

"அதனாலதான் ஒங்க காம்பராவத் தெரிஞ்செடுத்தோம்" என்றார் பணிப்பாளர். "மத்த காம்பராக்காரங்க வேலைக்குப் போயிர்றாங்க. இங்க மட்டுந்தான் இருபத்து நாலு மணித்தியாலமும் பாவனை இருக்கு."

கட்டில் திரும்பவும் சுவரோரம் போடப்பட்டது. மாதிரி கெட்டுப்போனால் காம்பராவும் கையைவிட்டுப் போகும் என்று தொரை ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார். காம்பரா போனால் போக இடமில்லை.

வைகாசி மழை தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை பிரதாப் அளக்கும்போது பழனியாண்டி பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தார். அடிமட்டம் இரண்டு மில்லிமீட்டர் காட்டியது. எழுத்து தெரியாவிட்டாலும் அடிமட்டத்துக் கோடு எண்ணத் தெரியும். பிரதாப் புத்தகத்தில் ஒரு வட்டம் போட்டார்.

"ஐயா, ரெண்டு காட்டுதுங்களே. நீங்க முட்டை போட்டிருக்கீங்க."

"ரெண்டுதான். ஈரத்துக்கு ரெண்டு கழிவு. மிச்சம் பூச்சியம்."

பழனியாண்டி விளக்கைக் கொஞ்சம் உயர்த்தி அவர் முகத்தைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பில்லை, பகிடி செய்யவில்லை. மழை நாளில் கொழுந்து நனைந்து பாரம் கூடும். ஆகவே ஒவ்வொரு நிறுவைக்கும் ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிப்பது தோட்டத்து வழக்கம். இருபது வருடம் அப்படியே கழித்த கை. நிறுக்கிற பொருள் மாறியது கைக்குத் தெரியவில்லை.

"மழ இல்லாத வாரம்?"

"சாக்குக்கு ஒண்ணு கழிப்பேன்."

"சுவத்துக்கு ஏதுங்க சாக்கு?"

பிரதாப் யோசித்தார். நியாயமான கேள்வி என்று பட்டது போலிருந்தது. பிறகு, "மேல சாந்து பூசியிருக்குல்ல" என்றார். "அதுதான்."

கட்டிலிலிருந்து பேச்சியம்மா கேட்டாள்: "கணக்கபுள்ள ஐயா, எங்கிட்ட எத்தன கிலோ கொழுந்து கழிச்சீங்க இருவது வருசமா? இப்ப மலையில கழிக்கிறீங்க. மலை சும்மா வுடுமா?"

"அக்கா வாய் மட்டும் படுக்கல்ல" என்று சிரித்துக்கொண்டே பிரதாப் கோட்டைச் சுரண்டினார். ஆனால் போகும்போது வெடிப்பில் விரலை வைத்துப் பார்த்தார். விரல் முழுவதும் உள்ளே போயிற்று. விரலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பழனியாண்டி வேலையை விட்டுவிட்டுக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போனார். பணிப்பாளரின் மேசையில் முப்பத்தொரு வாரப் பதிவு ஒரு படமாக வரையப்பட்டுச் சட்டம் போட்டு வைக்கப்பட்டிருந்தது. கடலைப் போலத் தட்டையான ஒரு நீலக் கோடு.

"சார், கணக்கபுள்ள ஒவ்வொரு வாரமும் கழிக்கிறாருங்க. சுவரு நடந்து வருது. புத்தகத்துல நிக்குது."

பணிப்பாளர் கதவைச் சாத்தச் சொன்னார். கோபப்படவில்லை. விலை படியாத வாடிக்கையாளரை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுக்கும் முதலாளியைப் போல, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

"பழனியாண்டி, நான் ஒங்களுக்கு ஒரு உண்மை சொல்றேன். முதல் மாசமே எனக்குத் தெரியும். பிரதாப்பக் கூப்பிட்டுக் கேட்டேன். ஈரத்துக்கு கழிச்சேன்னார். நான் அசந்துபோயிட்டேன். ஈரப்பதம் அளவைய பாதிக்கும்னு புத்தகத்துல இருக்கு. ஆனா எவ்வளவு கழிக்கணும்னு ஒரு விஞ்ஞானியும் துணிஞ்சு சொல்லல்ல. நம்ம மண்ணுல, நம்ம ஆளு, இருபது வருஷ அனுபவத்துல சொல்றார், ரெண்டுன்னு. அது இப்ப மரியரட்ணம் திருத்தம்னு ஒரு சஞ்சிகையில வந்திருக்கு."

"பிரதாப் ஐயாவோட பேரு இல்லிங்களா?"

"அவர் அத ஒரு வழக்கமாத்தான் செஞ்சார். விஞ்ஞானமாச் செஞ்சது நான்." பணிப்பாளர் நீலக் கோட்டைத் தடவினார். "நூறு வருஷச் சுவர், முப்பத்தொரு வாரம், அசைவு பூச்சியம். இந்தப் பூச்சியத்த வச்சுத்தான் புதுக் கட்டடம் வந்திருக்கு. ரெண்டாம் கட்டம் வரப்போவுது. பதினாலு பேருக்கு வேலை. இப்ப நான் அந்த ரெண்ட திருப்பிக் குடுத்தா என்ன மிஞ்சும்? ஒரு வெடிச்ச சுவர். வெடிச்ச சுவருக்கு ஆராய்ச்சி நிலையம் எதுக்கு? ரெண்டு மூடை சீமெந்து போதும்."

"அதத்தாங்க சார் நான் மொதல்ல கேட்டேன்."

பணிப்பாளர் அவரை நெடுநேரம் பார்த்தார். ஏதோ ஒரு நொடி, லயத்தில் பிறந்த பையன் ஒருவன் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தது போலிருந்தது. பிறகு போய்விட்டான்.

"தேத்தண்ணி குடிங்க" என்றார்.

நிலையத்தின் புதுக் கட்டடம், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எழும்பியிருந்தது. கொங்கிரீட் தூண்கள் ஒவ்வொன்றும் இரண்டு பேர் கட்டிப்பிடிக்கிற பருமன். ஒரு குடும்பமும் அதில் குடியிருக்கப் போவதில்லை என்பதால் எல்லாமே பலமாகக் கட்டப்பட்டிருந்தது. ஆனி மாதத்தில் திறப்பு விழா. ஒன்பது நாளாக விடாத மழை, பாடசாலைகளை மூடிவிட்டார்கள். விழாவை மூடவில்லை. கீழ்ப்பிரிவு ஆட்கள் எல்லாருக்கும் அன்று வேலை நிறுத்தி, விழாவுக்கு வந்தால் நாள் சம்பளத்துக்குப் பேர் போடுவதாக அறிவிப்பு. மேடையில் பழனியாண்டி நன்றி சொல்ல வேண்டும். பேச்சியம்மா மட்டும் காம்பராவில் இருக்க வேண்டும். உரைகள் முடிந்ததும் கொழும்புக்காரர்கள் மாதிரி ஒன்றைப் பாவனை நிலையில் பார்க்க வருவார்கள்.

காலையில் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பழனியாண்டி காம்பரா வாசலில் நின்றார். வெடிப்பிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நேற்று வரை தெளிவாக வந்தது. இன்று மண் கலந்து வந்தது. கான் வெட்டி வளர்ந்தவருக்குத் தெரியும், மண்ணுக்குள் தண்ணீர் வழி பிடித்து மலையை அரிக்கிறது.

"போய்ட்டு வாங்க" என்றாள் பேச்சியம்மா. "பேச்ச மறந்துறாதீங்க. நன்றி, நன்றி, நன்றி. மூணு தரம்."

பழனியாண்டி கட்டிலில் உட்கார்ந்து முதுகைத் திருப்பினார். "புடிச்சுக்க."

"காம்பரா போயிருமுங்க."

"போவட்டும். கழுத்தப் புடி."

கம்பளியால் அவளைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மழையில் நடந்தார். அவரும் நேராக விழாவுக்குத்தான் போனார்; போக வேறு இடம் தெரியவில்லை, அந்தத் தோட்டத்தில் விழாத சுவர் அங்கேதான் இருந்தது. முதல் வரிசைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் பேச்சியம்மாவை இறக்கினார். நாகலெட்சுமி தன் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டாள்.

மேடையிலிருந்து பணிப்பாளர் பார்த்துவிட்டார். சிரித்த முகம் மாறாமல் இறங்கி வந்து, பக்கத்தில் நின்ற பிரதாப்பிடம் மெதுவாகக் கேட்டார்: "அப்ப உள்ள யாரு?"

"யாரும் இல்ல சார்."

"இன்னும் ஒரு மணித்தியாலத்துல ஆளுங்க பாக்க வாறாங்க. வெறும் காம்பராவக் காட்டவா? நீங்க போய் உக்காருங்க. கோட்டையும் புதுசாப் போட்டுருங்க."

பிரதாப் அசையவில்லை. பழனியாண்டி எழுந்து அவர் கையைப் பிடித்தார்.

"போவாதீங்க ஐயா. தண்ணி கலங்கி வருது. ஒங்க பூச்சியம் என்னான்னு ஒங்களுக்கே தெரியும்."

பணிப்பாளர் பிரதாப்பின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா பிரதாப், சுவர்ல ஏதும் பிரச்சினையா? இருந்தாச் சொல்லுங்க. இப்பவே மேடையில அறிவிச்சிருவோம், அளந்தது தப்புன்னு."

சுற்றிலும் தோட்டத்து ஆட்கள். இருபது வருடம் அவர் தராசுக்கு முன்னால் கூடையோடு நின்ற பெண்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். போகாமல் நின்றால், தான் எழுதிய அத்தனை பூச்சியமும் பொய் என்று ஆகும். சுவரில் கழித்தது பொய் என்றால் கொழுந்தில் கழித்தது என்ன என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்பதைவிட அந்தச் சுவருக்கு முன்னால் உட்காருவது சுலபம் என்று பட்டிருக்க வேண்டும்.

"ஒரு பிரச்சினையும் இல்ல சார்" என்றார். பழனியாண்டியின் கையை மெதுவாக விலக்கினார். "கட்டில்ல மூட்டைப் பூச்சி இல்லியே அண்ணே?"

பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

பணிப்பாளர் பேசத் தொடங்கினார். நல்ல தமிழ், அதில் குறை சொல்ல முடியாது.

"வலிமை என்றால் என்ன? தாங்குதல். இந்த மலையகத்து மக்கள் இருநூறு வருடமாகத் தாங்கி வந்திருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு தாங்குவார்கள் என்று இதுவரை ஒருவராவது அளந்ததுண்டா? இல்லை. அதனால்தான் இவர்கள் மேல் ஏற்றுகிறவர்கள் கண்மூடித்தனமாக ஏற்றுகிறார்கள். இன்ன அளவில் உடையும் என்று நாம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால், அதற்கு ஒரு கிலோ குறைத்து ஏற்றலாம். இதைத்தான் நான் மனிதாபிமானம் என்பேன்."

கைதட்டல் எழும்பியது. அதோடு சேர்ந்து கீழே லயத்துப் பக்கமிருந்து இன்னொரு சத்தமும் வந்தது, லொறி நிறையக் கருங்கல்லை ஒரே தரத்தில் கொட்டியது போல. பணிப்பாளர் கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தார். கைதட்டல் ஓய்ந்தது. அந்தச் சத்தம் ஓயவில்லை.

ஆட்கள் ஓடினார்கள். ஒன்பதாம் காம்பராவும் பத்தில் பாதியும் இல்லை. அந்த இடத்தில் மலை இருந்தது. தகரம் மட்டும் மேலே மடிந்து கிடந்தது.

மண்வெட்டியாலும் கையாலும் அள்ளினார்கள். பழனியாண்டி வெள்ளைச் சட்டையோடு முன்னால் நின்று அள்ளினார். கட்டில் எங்கே கிடந்தது என்று அவருக்குத்தான் தெரியும். பகல் இரண்டு மணிக்குப் பிரதாப்பை எடுத்தார்கள். கட்டிலில் உட்கார்ந்தபடியே, கையில் பிரஷோடு இருந்தார். நாகலெட்சுமி தன் அடுப்பும் பிள்ளையின் துணியும் புதைந்த இடத்தை ஒருமுறையும் திரும்பிப் பார்க்காமல், அவர் முகத்தில் இருந்த மண்ணை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பணிப்பாளர் மழைச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. பழனியாண்டிக்கு அவர் மேல் ஒரு கணம் இரக்கம் வந்தது.

"உள்ள யாரு இருந்தது?"

"கணக்கபுள்ள மட்டுந்தாங்க சார்."

"வேற யாரும்?"

"இல்லிங்க. வேற ஒரு உசுரும் இல்ல."

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துத் துடைத்தும் மழையில் அது துலங்கவில்லை.

"அவர் அலுவலர்" என்றார் கடைசியில். "குடியிருக்கிற ஆள் இல்ல. அப்ப இது பாவனை நிலையில விழுந்ததா ஆகாது. பரிசோதனை செல்லாது." பக்கத்தில் நின்ற குறிப்பெடுப்பவரிடம் திரும்பினார். "எழுதுங்க. குடியிருந்தவர் முன்னறிவித்தல் இல்லாம வெளியேறினதால மாதிரி ஒன்று கைவிடப்பட்டது."

பிரதாப்பை அடக்கம் செய்த மூன்றாம் நாள் கடிதம் வந்தது. மாதிரி கைவிடப்படக் காரணமாக இருந்தபோதும், பழனியாண்டியின் நீண்டகால ஒத்துழைப்பையும் அவரது மனைவியின் உடல் நிலையையும் விசேடமாகக் கருத்தில் கொண்டு, மேல் லயத்தில் மூன்றாம் காம்பரா அவருக்கு ஒதுக்கப்படுவதாக அதில் இருந்தது. தொரையே சாவியைக் கையில் கொடுத்தார். கீழ் லயத்தை விட்டு வந்து கோயில் மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்தவர்கள் மத்தியில் காம்பரா கிடைத்தது இவர் ஒருவருக்குத்தான்.

"ஒங்களுக்குச் சுழி நல்லாருக்கு அண்ணே" என்றாள் நாகலெட்சுமி. அதில் பொறாமை இல்லை என்று சொல்ல முடியாது.

மறுபடியும் பேச்சியம்மாவைக் கம்பளியால் முதுகில் கட்டிக்கொண்டு பழனியாண்டி மேல் லயத்துக்கு ஏறினார். மழை விட்டிருந்தது. பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். அறை கூட்டிச் சுத்தமாக இருந்தது. புதுக் கட்டில் ஒன்றும் போட்டிருந்தார்கள், பின்சுவரை ஒட்டி. அதற்கு மேலே கூரையடியிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. பெயின்ட் இன்னும் காயவில்லை.

பழனியாண்டி வாசற்படியைத் தாண்டவில்லை.

முதுகிலிருந்து பேச்சியம்மாவும் பார்த்தாள். பிறகு அவள் அவர் தோளில் தட்டினாள்.

"எவ்வளவு நேரந்தான் சுமப்பீங்க? முதுகு போயிரும். எறக்கி விடுங்க."

"எங்க?" என்று கேட்டார் பழனியாண்டி.

அவளுக்கும் தெரியவில்லை. அவர் கம்பளி முடிச்சை இன்னொரு தரம் இறுக்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.